பங்கில் கூட்டு வளர்ச்சி எங்கே நடக்கிறது?

வங்கியில் ஒரு லட்ச ரூபாயை 7% வட்டிக்கு ஐந்து ஆண்டு வைப்புநிதியாகப் போட்டால், முடிவில் 1,41,478 ரூபாய் கிடைக்கும் என்று ரசீதிலேயே அச்சடித்துத் தந்துவிடுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியைக் கணக்கிட்டு முதலோடு சேர்க்கிறார்கள். அடுத்த மூன்று மாதத்தில் அந்த வட்டிக்கும் வட்டி கிடைக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த கூட்டு வட்டிதான் இது.

பங்கு முதலீட்டைப் பற்றிப் பேசுகிறவர்களும் இதே கணக்கைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். ஆண்டுக்கு 12% என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சம் 25 ஆண்டில் 17 லட்சம். கணக்கு சரி. ஆனால் பங்கில் யாரும் யாருக்கும் வட்டி போடுவதில்லை. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கில் இன்று 100 பங்கு இருந்தால் அடுத்த ஆண்டும் அதே 100 பங்குதான் இருக்கும். அப்படியானால் எது எதோடு சேர்ந்து வளர்கிறது? இந்தக் கேள்வியை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. வளர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவருக்குத்தான், விலை இறங்கும்போது அந்த வளர்ச்சியும் நின்றுவிட்டதா, இல்லை விலை மட்டும்தான் இறங்கியதா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

ஒரு நிறுவனத்தில் பங்குதாரர்களின் பணம் 100 கோடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்து அந்த நிறுவனம் ஆண்டுக்கு 20 கோடி நிகர லாபம் ஈட்டுகிறது. அதில் 5 கோடியைப் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையாக (டிவிடெண்ட்) கொடுத்துவிட்டு, 15 கோடியைத் தொழிலிலேயே போடுகிறது. புதிய இயந்திரம், இன்னொரு கிளை, கூடுதல் சரக்கு என்று அந்தப் பணம் வேலைக்குப் போகிறது. இப்போது பங்குதாரர்களின் பணம் 115 கோடி. அதன் மேலும் அதே 20% ஈட்ட முடிந்தால் அடுத்த ஆண்டு லாபம் 23 கோடி. இப்படியே போனால் பத்தாம் ஆண்டு முடிவில் ஆண்டு லாபம் ஏறக்குறைய 81 கோடியாகியிருக்கும். நம் பங்குகளின் எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு பங்குக்குப் பின்னாலும் இருக்கும் லாபம் நான்கு மடங்காகிவிட்டது. பங்கில் வட்டிக்கு வட்டி என்பது இதுதான். அது நம் கணக்கில் நடப்பதில்லை, நிறுவனத்துக்குள் நடக்கிறது.

இதில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக அமைய வேண்டும். லாபத்தில் பெரும்பகுதி உள்ளே நிற்க வேண்டும். அப்படி நிற்கும் பணம் பழைய பணத்தைப் போலவே சம்பாதிக்கவும் வேண்டும். இரண்டாவதுதான் கடினம். மேலே சொன்ன நிறுவனம் அந்த 15 கோடியைத் தெரியாத தொழில் ஒன்றில் போட்டு அதில் 6% மட்டும் ஈட்டுகிறது என்றால், அடுத்த ஆண்டு லாபம் வெறும் 90 லட்சம்தான் கூடும். வளர்ச்சி 15 சதவீதத்திலிருந்து 4.5 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆண்டறிக்கையில் 'லாபம் வரலாறு காணாத உயர்வு' என்றுதான் அப்போதும் எழுதியிருப்பார்கள். உள்ளே நிறுத்திய பணம் எவ்வளவு சம்பாதித்தது என்று பார்க்கிறவருக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

முழு லாபத்தையும் ஈவுத்தொகையாகக் கொடுத்துவிடும் நிறுவனத்தில் இந்தச் சுழற்சி உள்ளே நடக்காது. அந்தப் பணத்தை மறுபடி பங்கில் போடும் பொறுப்பு நம்முடையதாகிறது. ஆனால் சேமிப்புக் கணக்கில் வந்து விழும் சில நூறு ரூபாய் ஈவுத்தொகை பெரும்பாலும் மளிகைச் செலவோடு கரைந்துபோகிறது. மியூச்சுவல் ஃபண்டில் 'டிவிடெண்ட்' என்று முன்பு அழைக்கப்பட்ட திட்டத்தின் பெயரை 2021 ஏப்ரலில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி மாற்றவைத்தது. கையில் வருவது லாபம் மட்டுமல்ல, நம் முதலிலிருந்தும் எடுத்துத் தரப்படலாம் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். நீண்ட காலத்துக்குப் பணம் போடுகிறவர்கள், எதையும் வெளியே எடுத்துத் தராமல் ஃபண்டுக்குள்ளேயே நிறுத்தும் 'குரோத்' வகையைத் தேர்ந்தெடுப்பதன் காரணமும் இதுதான்.

பணத்தை உள்ளேயே நிறுத்தி வளர்த்ததற்கு உலகம் அறிந்த உதாரணம் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே. அவர் பொறுப்புக்கு வந்த பிறகு அந்த நிறுவனம் ஈவுத்தொகை கொடுத்தது ஒரே ஒரு முறை, 1967-ல். மற்ற எல்லா ஆண்டுகளிலும் லாபம் உள்ளேயே நின்றது. 1965 முதல் 2024 வரை அதன் பங்கு ஆண்டுக்குச் சராசரியாக 19.9% கூட்டு வளர்ச்சி கண்டது. அதே காலத்தில், அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனப் பங்குகளின் போக்கைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு, ஈவுத்தொகையையும் சேர்த்து, 10.4% வளர்ந்தது. 19.9 என்பது 10.4-ஐப் போல இரண்டு மடங்குகூட இல்லை. ஆனால் 60 ஆண்டு முடிவில் குறியீட்டில் போட்ட ஒரு டாலர் சுமார் 390 டாலரானது, பெர்க்‌ஷயரில் போட்ட ஒரு டாலர் சுமார் 55,000 டாலரானது. அதாவது 140 மடங்கு வித்தியாசம். ஆண்டு விகிதத்தில் சிறியதாகத் தெரியும் இடைவெளியைக் காலம் எப்படி அகலப்படுத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியவில்லை. இந்த 60 ஆண்டுகளில் அந்தப் பங்கின் விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்த காலங்கள் ஒன்றுக்கு மேல் உண்டு என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சரி, லாபம் வளர்ந்தால் விலையும் அதே வேகத்தில் வளருமா? நாம் என்ன விலைக்கு வாங்கினோம் என்பதைப் பொறுத்தது அது. ஒரு பங்கின் லாபம் ஆண்டுக்கு 15% வீதம் பத்து ஆண்டு வளர்கிறது, அதாவது நான்கு மடங்காகிறது. ஆனால் வாங்கும்போது சந்தை அதற்கு ஆண்டு லாபத்தைப் போல 60 மடங்கு விலை வைத்திருந்தது, பத்து ஆண்டு கழித்து 20 மடங்குதான் வைக்கிறது. நம் பணம் என்ன ஆகும்? 100 ரூபாய் 135 ரூபாயாகும். ஆண்டுக்கு 3%. நிறுவனம் தன் வேலையைக் குறையில்லாமல் செய்திருக்கிறது. வளர்ச்சியின் பலனை வாங்கிய விலையே முன்கூட்டி விழுங்கிவிட்டது.

ஜப்பானின் நிக்கேய் 225 குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915 புள்ளிகளில் முடிந்தது. அந்த உயரத்தை அது மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரி 22 அன்று. 34 ஆண்டுகள். ஈவுத்தொகையைச் சேர்த்துக் கணக்கிட்டால் சில ஆண்டுகள் முன்னதாகவே மீண்டிருக்கும், அவ்வளவுதான். நம் ஊரிலும் நடந்திருக்கிறது. 1992 ஏப்ரலில், பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தா காலத்து ஏற்றத்தில், மும்பைப் பங்குச் சந்தையின் 30 நிறுவனக் குறியீடான சென்செக்ஸ் 4,467 வரை போனது. 11 ஆண்டு கழித்து, 2003 ஏப்ரலில் அது 3,000-க்கு அருகில் நின்றது. 'நீண்ட காலம் வைத்திருந்தால் பங்கில் நஷ்டமே வராது' என்று சொல்கிறவர்கள் இந்த 11 ஆண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சராசரி என்ற எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. சென்செக்ஸ் 2007-ஐ 20,287 புள்ளிகளில் முடித்தது. 2008-ன் முடிவில் 9,647. அதாவது 52% வீழ்ச்சி. 2009-ன் முடிவில் 17,465, அதாவது 81% ஏற்றம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஆண்டுக்கு 14% லாபம் என்று வரும். அந்த இரண்டு ஆண்டும் அசையாமல் வைத்திருந்தவரின் பணம் உண்மையில் 14% குறைந்திருந்தது. கூட்டு வளர்ச்சி என்பது பெருக்கல். பெருக்கலில் இறக்கத்தின் கனம் அதிகம்: 50% இழந்தவர் பழைய இடத்துக்கு வர 100% ஏற வேண்டும், 80% இழந்தவர் 400% ஏற வேண்டும். ஆகவே யாராவது 'சராசரி வருமானம்' என்று ஒரு எண்ணைச் சொன்னால், அது வெறும் சராசரியா, கூட்டு வளர்ச்சி விகிதமா என்று கேளுங்கள். ஃபண்டு விவர அட்டைகளில் சி.ஏ.ஜி.ஆர் என்று போட்டிருப்பது இரண்டாவது. அதுதான் நமக்கு வேண்டியது.

சென்செக்ஸின் முழு வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1978-79-ல் 100 என்று வைத்துக் கணக்கிடப்படும் அந்தக் குறியீடு 2024 ஜூலையில் 80,000-ஐத் தாண்டியது. 45 ஆண்டில் 800 மடங்கு. ஈவுத்தொகை நீங்கலாக, ஆண்டுக்கு ஏறக்குறைய 16% கூட்டு வளர்ச்சி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தால் வேறொன்று தெரியும். 100-லிருந்து 1,000-க்குப் போனது 1990 ஜூலையில். அந்தப் பதினோரு ஆண்டுகளில் வேகம் ஆண்டுக்குச் சுமார் 22%. 1,000-லிருந்து 10,000 வந்தது 2006 பிப்ரவரியில். வேகம் சுமார் 16%. 10,000-லிருந்து 80,000 வர 18 ஆண்டுக்கு மேல் ஆனது. வேகம் சுமார் 12%. புள்ளிகள் பிரம்மாண்டமாக ஏறிக்கொண்டே போக, விகிதம் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. முதல் பத்தாயிரம் புள்ளிக்கு 27 ஆண்டு, 70,000-லிருந்து 80,000-க்கு வெறும் ஏழு மாதம் என்று செய்திகளில் வியப்பார்கள். அந்தக் கடைசிப் பத்தாயிரம் என்பது 14% ஏற்றம் மட்டுமே. அடுத்த 25 ஆண்டுக்கான திட்டத்தில் 16% என்ற பழைய எண்ணை அப்படியே போடுவது ஆபத்தானது. என்னைக் கேட்டால் 12-ஐக்கூடத் தயங்கித்தான் போடுவேன். 10% என்று வைத்தால் அந்த ஒரு லட்சம் 25 ஆண்டில் 17 லட்சம் ஆகாது, 10.8 லட்சம்தான் ஆகும். பிள்ளைகளின் படிப்பையோ ஓய்வுக் காலத்தையோ இந்த எண்ணை நம்பித் திட்டமிடுகிறவருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

இந்த 45 ஆண்டுகளிலும் குறியீட்டில் இருந்தவை அதே 30 நிறுவனங்கள் அல்ல. 1986-ல் சென்செக்ஸ் வெளியிடப்பட்டபோது அதில் அம்பாசிடர் தயாரித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இருந்தது, பத்மினி தயாரித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸும் இருந்தது. தேய்ந்தவை வெளியேற, வளர்ந்தவை உள்ளே வந்தன. குறியீட்டில் தெரிகிற கூட்டு வளர்ச்சியில் இந்த மாற்றத்தின் பங்கும் உண்டு. 1986-ல் அந்த இரண்டு கார் நிறுவனப் பங்குகளை வாங்கிப் பெட்டியில் பூட்டியவருக்குக் குறியீட்டின் 12 சதவீதமோ 16 சதவீதமோ கிடைத்திருக்காது.

எல்லோரும் சொல்லும் இன்ஃபோசிஸ் கதையையும் இங்கே வைத்துத்தான் பார்க்க வேண்டும். 1993-ல் அந்த நிறுவனம் பங்கு ஒன்று 95 ரூபாய்க்கு வெளியிட்டபோது விற்பனைக்கு வைத்த பங்குகள் முழுதாக விற்பனையாகவில்லை. மிச்சத்தை அமெரிக்க முதலீட்டு வங்கியான மோர்கன் ஸ்டான்லி வாங்க வேண்டியிருந்தது. அப்போது 9,500 ரூபாய் கொடுத்து 100 பங்கு வாங்கி இன்றுவரை விற்காமல் வைத்திருப்பவரிடம், இலவசமாகத் தரப்பட்ட போனஸ் பங்குகளும் ஒரு பங்கை இரண்டாக்கிய முகமதிப்புப் பிரிப்பும் சேர்ந்து, 1,02,400 பங்குகள் இருக்கும். பங்கு விலை 1,500 ரூபாய் என்று வைத்தாலே 15 கோடிக்கு மேல். போனஸ் பங்கு கொடுத்ததால் பணம் பெருகியது என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுக்கும் நாளில் பங்கு விலை பாதியாகிவிடும். அன்று யாருக்கும் ஒரு ரூபாயும் கூடுவதில்லை. பெருகியது உள்ளே வளர்ந்த லாபத்தால். 2000-ல் உச்சம் தொட்ட அந்தப் பங்கு அடுத்த ஒன்றரை ஆண்டில் முக்கால்வாசிக்கு மேல் இழந்தது என்பதைக் கதை சொல்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். அதே தொண்ணூறுகளில் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டிவிட்டு, முகவரியே இல்லாமல் போன நிறுவனங்கள் ஏராளம். அவற்றைத் தேடுவதற்கென்றே அரசும் செபியும் சேர்ந்து ஒரு குழுவை அமைக்க வேண்டிவந்தது. 1993-ல் நின்றுகொண்டு பார்த்தால் எது இன்ஃபோசிஸ், எது காணாமல் போகப்போவது என்று யாருக்குத் தெரியும்? ஒரே பங்கை நம்பிக் கூட்டு வளர்ச்சிக் கணக்குப் போடுவதைவிட, பல நிறுவனங்கள் அடங்கிய குறியீட்டு ஃபண்டை நம்பிப் போடுவது பெரும்பாலானவர்களுக்குப் பொருத்தமானது என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

இனி காலத்தைப் பற்றி. 12% வளர்ச்சியில் ஒரு லட்சம் முதல் பத்து ஆண்டில் 3.1 லட்சமாகிறது. இருபதாம் ஆண்டில் 9.6 லட்சம். இருபத்தைந்தில் 17 லட்சம். கடைசி ஐந்து ஆண்டு மட்டும் 7 லட்சத்துக்கு மேல் சேர்க்கிறது. முதல் பத்து ஆண்டு சேர்த்தது 2.1 லட்சம்தான். ஆகவே ஏழெட்டு ஆண்டு பொறுத்துவிட்டு 'ஒன்றும் பெரிதாக வளரவில்லையே' என்று எடுத்துவிடுகிறவர், வளர்ச்சி கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும் இடத்துக்கு முன்னாலேயே இறங்கிவிடுகிறார்.

இதன் மறுபக்கத்தை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. மாதம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி. (மாதாமாதம் ஃபண்டில் ஒரே தொகையைப் போடும் முறை), 25 ஆண்டு, 12% என்று இணையக் கால்குலேட்டர்களில் போட்டால், பலவற்றில் ஏறக்குறைய 95 லட்சம் என்று காட்டும். 12-ஐ 12 மாதத்தால் வகுத்து மாதம் 1% என்று அவை கணக்கிடுகின்றன. மாதம் 1% என்பது ஆண்டுக்கு 12.68% என்று ஆகிறது. உண்மையாகவே ஆண்டுக்கு 12% என்று கணக்கிட்டால் வருவது சுமார் 85 லட்சம். வகுக்கும் முறையிலேயே பத்து லட்சம் வித்தியாசம் வந்துவிட்டது. அந்த 85 லட்சத்தில் நாம் போட்டது 15 லட்சம். சரி, கடைசி ஆண்டில் 2020 போன்ற ஒன்று வந்தால்? அந்த ஆண்டு ஜனவரி நடுவிலிருந்து மார்ச் 23-க்குள் சென்செக்ஸ் 41,952-லிருந்து 25,981-க்கு விழுந்தது, 38%. அதே வீழ்ச்சி அந்த 85 லட்சத்தின் மேல் விழுந்தால் 32 லட்சம் காணாமல் போகும். 25 ஆண்டு போட்ட மொத்தப் பணத்தைப் போல இரண்டு மடங்கு. எஸ்.ஐ.பி. தொடங்கிய இரண்டாம் ஆண்டில் இதே வீழ்ச்சி வந்திருந்தால் சில பத்தாயிரங்களோடு போயிருக்கும். அதன் பிறகு மலிவாக வாங்கவும் வாய்ப்புக் கிடைத்திருக்கும். வீழ்ச்சி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் பணம் எப்போது தேவை என்பது நமக்குத் தெரியும். ஆகவே தேவைக்கு மூன்று நான்கு ஆண்டு இருக்கும்போதே, சந்தை நன்றாக இருந்தாலும், கொஞ்சம் கொஞ்சமாக வைப்புநிதிக்கோ கடன் பத்திர ஃபண்டுக்கோ மாற்றிவருவது அவசியம்.

அப்புறம், ஒழுகல்கள். ஒரே ஆண்டுக்குள் வாங்கி விற்றுக்கொண்டே இருப்பவர் லாபத்தில் 20% குறுகிய கால மூலதன ஆதாய வரி கட்டுகிறார். 2024 ஜூலை 23-லிருந்து இதுதான் விகிதம். சந்தை 12% கொடுத்தாலும் அவருக்கு மிஞ்சுவது 9.6%. 25 ஆண்டில் ஒரு லட்சம் 9.9 லட்சமாகிறது. அதே பங்கை விற்காமல் வைத்திருந்து கடைசியில் ஒரே முறை 12.5% நீண்ட கால வரி கட்டுகிறவருக்குச் சுமார் 15 லட்சம் மிஞ்சும். இரண்டு பேரும் ஒரே சந்தையில்தான் இருந்தார்கள், ஒரே வருமானம்தான் ஈட்டினார்கள். இரண்டாமவர் அரசுக்குக் கட்ட வேண்டிய பணமும் அத்தனை ஆண்டும் அவருக்காகவே உள்ளே வேலை செய்தது. தரகுக் கட்டணத்தையும் பத்திரப் பரிவர்த்தனை வரியையும் நான் இதில் சேர்க்கவே இல்லை.

ஃபண்டு செலவும் அப்படித்தான். 2013 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு மியூச்சுவல் ஃபண்டுக்கும் முகவர் கமிஷன் இல்லாத 'டைரக்ட்' வகை கட்டாயமாக இருக்கிறது. அதற்கும் 'ரெகுலர்' வகைக்கும் ஆண்டுக்கு ஒரு சதவீதம் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், 12% என்பது 11% ஆகும். 17 லட்சம் 13.6 லட்சம் ஆகும். ஒரு சதவீதம் என்று கேட்கிறோம், முடிவில் ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கிறது. முகவர் நல்ல ஆலோசனை தந்து, 2020 மார்ச்சில் பதறி விற்காமல் நம்மைத் தடுத்திருந்தால் அந்தப் பணத்துக்கு மதிப்புண்டு. படிவத்தில் கையெழுத்து வாங்கியதோடு அவர் காணாமல் போயிருந்தால் இல்லை.

கடைசியாக, விலைவாசி. ஆண்டுக்கு 6% பணவீக்கம் என்றால், 25 ஆண்டு கழித்து வரும் ஒரு ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 23 காசு. வரி போக மிஞ்சிய 15 லட்சம் இன்றைய கணக்கில் 3.5 லட்சம்தான். 17 லட்சம் என்று கேட்டபோது இருந்த பிரமிப்பு இதில் இல்லை. ஆனால் அதே ஒரு லட்சத்தை 7% வைப்புநிதியில் வைத்து, ஆண்டுதோறும் வட்டிக்கு 30% வரி கட்டுகிறவருக்கு நிகரமாகக் கிடைப்பது 4.9%. இது பணவீக்கத்தைவிடக் குறைவு. 25 ஆண்டு கழித்து அவர் கையில் 3.3 லட்சம் இருக்கும். அதை வைத்து அவர் வாங்கக்கூடியது, இன்றைக்கு 77,000 ரூபாய்க்கு வாங்கக்கூடிய பொருளைத்தான்.